செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவுக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அக்கார்டியன் அன்பர்களுக்கும் வணக்கம். ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான நம் சங்கத்தின் செயல்பாடுகளைச் சமர்ப்பிக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் குறையில்லாமல் நடந்தன. சித்திரைப் புத்தாண்டுக்கு மெல்லிசை மாலை நடந்தது. ஆயுத பூஜைக்குச் சங்கத்தின் இரண்டு அக்கார்டியன்களுக்கும் பொட்டு வைத்துச் சுண்டல் வழங்கினோம். டிசம்பரில் நம் உறுப்பினர்கள் சிலர் தங்கள் தேவாலயப் பாடகர் குழுக்களோடு வாசித்தார்கள். செயற்குழு கூட வேண்டிய மாதங்களில் கூடியது. போதிய உறுப்பினர் வருகை (கோரம்) இல்லாமல் கலைந்த கூட்டங்களும் உண்டு.

இந்த ஆண்டு நான் அதிகம் உழைத்தது கேட்பு மாலைகளுக்காக. இதைப் பற்றிச் சங்கத்துக்குள் பேச்சு எழுந்ததால் விரிவாகவே சொல்கிறேன். மாதம் ஒரு மாலை உட்கார்ந்து, அக்கார்டியனைக் கச்சேரி வாத்தியமாக வாசித்தவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்பது, பிறகு அதைப் பற்றிப் பேசுவது, இவ்வளவுதான் திட்டம். “நமக்கெதற்கு வெள்ளைக்காரன் சங்கீதம், சினிமாப் பாட்டு போதாதா” என்று கேட்டார்கள். சினிமாப் பாட்டை நான் குறைத்து மதிப்பவன் இல்லை. எம்.எஸ்.வி. குழுவில் மங்களமூர்த்தி வாசித்ததையும், பம்பாயில் குடி சீர்வாய், கெர்சி லார்ட், ஈனாக் டேனியல்ஸ் வாசித்ததையும் கேட்டுத்தான் நம்மில் பலர் இந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டினோம். ஆனால் பாட்டுக்கு நடுவே அந்த வாசிப்பைக் கேட்டுச் சொக்கிய லட்சக்கணக்கானவர்களுக்கு வாசித்தவர் பெயர் தெரியாது. இசைத்தட்டின் உறையில் பாடகர் பெயர் இருக்கும், இசையமைப்பாளர் பெயர் இருக்கும், அதோடு சரி. எண்பதுகளில் கீபோர்டு வந்து அந்த நாற்காலியையும் எடுத்துக்கொண்டது. இசைக்குழுவோடு சேர்ந்து ஒலிக்கும் வாத்தியமாக மட்டுமே இருந்தால் அந்தக் குழு மாறும்போது வாத்தியமும் போய்விடும் என்பது என் கருத்து.

வேறு ஊர்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். சிரில் டெமியன் 1829-இல் வியன்னாவில் காப்புரிமை வாங்கிய பெட்டி இது. ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1883-இல் எழுதிய இரண்டாவது ஆர்க்கெஸ்ட்ரா சூட்டில் (பல பகுதிகள் கொண்ட இசைத் தொகுப்பில்) நான்கு அக்கார்டியன்களைச் சேர்த்தார். கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம் என்ற சலுகையோடுதான். 1939-இல் அமெரிக்க அக்கார்டியன் கலைஞர் சார்லஸ் மக்னான்டேயும் கூட்டாளிகளும் நியூயார்க் கார்னகி ஹாலில் அக்கார்டியன் கச்சேரி நடத்தினார்கள். டென்மார்க்கின் அக்கார்டியன் கலைஞர் மோகன்ஸ் எல்லகார்ட் தன் நாட்டு இசையமைப்பாளர்கள் ஒவ்வொருவரையாகக் கேட்டுக் கேட்டு இதற்கென்றே எழுத வைத்தார். 1958-இல் ஓலே ஷ்மித் எழுதிய ஆர்க்கெஸ்ட்ரா படைப்பு அப்படி வந்ததுதான். இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பேரியோ, தனி வாத்தியங்களுக்காக எழுதிய தன் ‘செக்வென்சா’ வரிசையில் பதின்மூன்றாவதை 1995-இல் அக்கார்டியனுக்குக் கொடுத்தார். யாரோ ஒருவர் பிடிவாதமாகக் கேட்டதால்தான் இந்த இசையில் பெரும்பகுதி பிறந்தது.

எல்லா மாலையும் நிரம்பியதாகச் சொல்ல மாட்டேன். அக்கார்டியனுக்கு உறவான பாண்டோனியனில் அர்ஜென்டினாவின் பியாசோலா வாசித்த டாங்கோ மாலைக்கு நாற்காலி போதவில்லை. பிரெஞ்சு அக்கார்டியன் கலைஞர் ரிஷார் கலியானோ, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இசையை வாசித்த மாலைக்குக் கணிசமாக வந்தார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் சோஃபியா குபைதூலினாவின் ‘டி ப்ரொஃபுண்டிஸ்’ கேட்ட மாலைக்கு வந்தவர்கள் மிகச் சிலர். பயான் என்னும் ரஷ்யப் பொத்தான் அக்கார்டியனை வாசிக்கும் கலைஞர் ஃப்ரீட்ரிக் லிப்ஸ் வாசிப்பதற்காக 1978-இல் எழுதியது அது. அதில் ஓரிடத்தில் சுரமே இல்லை. துருத்தியை மூடி வைக்க நாம் அழுத்தும் அதே காற்றுப் பொத்தானை அழுத்தியபடி துருத்தியை இழுக்க, மனிதர் மூச்சு வாங்குவது போலக் காற்று மட்டும் வந்து போகிறது. வாழ்நாள் முழுவதும் அந்தப் பொத்தானைத் தொட்டும் அதை வாசிக்கலாம் என்று நமக்குத் தோன்றவில்லை. தேவாலயப் பாடகர் குழுவை நீண்ட காலம் நடத்திய நம் மூத்த உறுப்பினர் ஒருவர், அந்த இடத்தை மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். குபைதூலினா 2025 மார்ச் 13 அன்று தம் 93-ஆம் வயதில் காலமானார். அவருக்கு இரங்கல் தீர்மானம் எதற்கு என்று கேட்டவர்களுக்கு என் பதில் இதுதான்: நம் வாத்தியத்துக்கு இவ்வளவு செய்தவருக்கு நாம் எழுந்து நிற்காமல் வேறு யார் நிற்பது?

அடுத்து டியூனிங் விவகாரம். இடது கைக்கு 120 பொத்தான்கள் கொண்ட (120 பாஸ்) சங்கத்தின் இரண்டு பெட்டிகளில் பழையது வாசிக்கும் நிலையில் இல்லை. கடலோரக் காற்றில் அதிர்ந்து ஒலி தரும் எஃகு ரீடுகள் துருப்பிடித்திருந்தன. காற்று வழியை மூடும் தோல் நாக்குகள் சுருண்டு சில சுரங்கள் தாமதமாகப் பேசின. போதாக்குறைக்கு, நிகழ்ச்சிக்கென்று வாங்கிப் போன ஒருவர் பெட்டியை வெயிலில் நின்ற காரின் டிக்கியில் விட்டதில், ரீட் தகடுகளைப் பிடித்திருக்கும் தேன்மெழுகு இளகி, தகடுகள் நகர்ந்துவிட்டன. ஆர்மோனியம் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரோடு உட்கார்ந்து, மெழுகும் குங்கிலியமும் காய்ச்சி ஒவ்வொரு தகடாகப் பதித்தோம். அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெட்டியை அலை இல்லாமல் டியூன் செய்ய முடிவெடுத்தேன். ஒரே சுரத்துக்கான இரண்டு ரீடுகளில் ஒன்றைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் நாம் சினிமாவில் கேட்ட அந்த நடுங்கும் ஒலி வரும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பாக் வாசிக்க உதவும் தெளிவான ஒலி வரும். பெட்டி கெட்டுவிட்டது என்று சிலர் சொல்லி வருகிறார்கள். கெடவில்லை. இன்னொரு பெட்டி பழைய ஒலியோடு அப்படியே இருக்கிறது. இரண்டு ஒலியும் இப்போது நம்மிடம் உண்டு.

வருகை பற்றியும் சந்தா பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆண்டு ஒருமுறைகூட அரங்குக்கு வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய பாட்டைப் போட்டால் நிமிடத்தில் கைதட்டல்கள் வருகின்றன. சந்தா நினைவூட்டலைப் போட்டால் வாரக்கணக்கில் பதில் இல்லை. இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் ஐயா கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. வசதி இல்லாதவர்களை நான் சொல்லவில்லை. திருமண வரவேற்புகளில் வாசித்துப் பிழைக்கும் நம் தம்பிகள்தான் முதலில் கட்டினார்கள். நவம்பர் மழையில் யாருமே வராத மாலைக்கும் அரங்க வாடகை கட்டத்தான் வேண்டியிருந்தது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருந்தன. வாடகை, பழுது பார்ப்பு, அச்சு, சிற்றுண்டி ஆகியவை பெரிய செலவுகள். பற்றாக்குறையை ஒரு நலம் விரும்பி ஈடுகட்டினார். விவரம் வேண்டுவோர் பொருளாளரிடம் பார்த்துக்கொள்ளலாம்.

தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அரங்கம் தந்தவர்கள், ஒலிபெருக்கி அமைத்த அன்பர், தேநீர் போட்டுத் தந்த அக்கா, அனைவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டைப் பற்றி. நம் பெட்டிகளின் இடது கையில் ஒரு பொத்தானை அழுத்தினால் தயாராக ஒரு கார்டு வருகிறது. மெல்லிசைக்கு அது போதும். ஆனால் இடது கையும் தனி மெட்டு வாசிக்க வேண்டிய இசைக்கு, ஒவ்வொரு பொத்தானும் ஒரே சுரம் தரும் ஃப்ரீ பாஸ் பெட்டி வேண்டும். நம்மிடம் இரண்டு இளைஞர்கள் அதற்குத் தயாராக இருக்கிறார்கள், பெட்டிதான் இல்லை. இத்தாலியின் காஸ்டல்ஃபிதார்தோவில் செய்தது பழையதாக வாங்கினாலும் நம் கைக்கு எட்டாத விலை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் உறுப்பினர்கள் இதைக் காதில் போட்டுக்கொண்டால் மகிழ்வேன். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க முன்வந்தால் வழிவிட நான் தயார். யாரும் வராவிட்டால் தொடர்கிறேன். ஆனால் கேட்பு மாலைகளும் தொடரும் என்ற புரிதலோடு.

நிலுவைச் சந்தாவை இன்று கூட்டம் முடிந்ததும் வாசலருகே உள்ள மேசையில் செலுத்தலாம். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்