பத்தி எது, பாரா எது: பக்க வடிவமைப்புச் சொற்கள் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினிக் கலைச்சொற்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். பல ஆண்டுகளாகப் பக்கம் கட்டும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அது தொடாமல் விட்ட பக்க வடிவமைப்புச் சொற்களைப் பற்றிச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன். இத்துறையில் நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொருளில் ஆள்வதால்தான் வேலை கெடுகிறது.

‘பத்தி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கட்டுரையின் பாராவும் பத்திதான், பக்கத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ‘காலம்’ (column) எனும் நெடுவரிசையும் பத்திதான். ‘இரண்டாம் பத்தியை மேலே ஏற்றவும்’ என்று மெய்ப்பில், அதாவது திருத்தம் பார்க்கும் படியில், ஒரு குறிப்பு வந்தால், எதை ஏற்றுவது என்று எழுதியவரைக் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது. இதனால்தான் பக்கம் கட்டுபவர்கள் பாரா, காலம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். பத்தி என்ற நல்ல சொல்லை இரண்டில் ஒன்றுக்கு மட்டும் உரியதாக்கினால் போதும். காலத்துக்கே அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

‘கட்டர்’ (gutter) என்ற சொல்லால் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு காலமாக அமைந்த ஒரு நூலுக்கு ‘கட்டர் 12 மி.மீ.’ என்று குறிப்பு வந்தது. மென்பொருளில் அச்சொல் இரு காலங்களுக்கு நடுவே விடும் வெளியைக் குறிப்பதால் அங்கே 12 மி.மீ. விட்டேன். குறிப்பு அனுப்பியவரோ நூலின் முதுகை ஒட்டி விடவேண்டிய இடத்தை மனத்தில் வைத்திருந்தார். பசை ஒட்டிக் கட்டி வந்த முதல் படியைப் பிரித்தபோது, இடப்பக்கத்தில் வரிகளின் கடைசி எழுத்துகளும் வலப்பக்கத்தில் முதல் எழுத்துகளும் முதுகுக்குள் புதைந்து கிடந்தன. இரண்டு கட்டைவிரல்களாலும் அழுத்திப் பிடித்தால்தான் படிக்க முடிந்தது. அன்று முதல் ‘காலத்திடை’, ‘முதுகோரம்’ என்று பிரித்தே எழுதிவருகிறேன்.

வரி இடைவெளியைக் குறிக்கும் ‘லெடிங்’ (leading) என்பதைப் பலர் ‘லீடிங்’ என்று உச்சரிப்பதைக் கேட்கிறேன். இதை வெறும் உச்சரிப்புப் பிழை என்று விட்டுவிட முடியவில்லை. உலோக அச்சு இருந்த நாட்களில் வரிகளுக்கு நடுவே செருகிய ஈயத் தகடுகளிலிருந்து (ஈயம் ஆங்கிலத்தில் ‘லெட்’) வந்த பெயர் அது. 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வெளிவந்து பக்கம் கட்டும் வேலை மேசைக் கணினிக்கு மாறியபோது, பழைய பெயர்களும் கூடவே திரைக்கு வந்தன. ஈயத்தைத் தொட்ட கைகளின் அறிவு வரவில்லை. திரையில் லெடிங் என்பது ஒரு வரியின் அடிக்கோட்டிலிருந்து (எழுத்துகள் அமர்ந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத கோடு) அடுத்த வரியின் அடிக்கோடு வரையிலான முழுத் தொலைவு. மென்பொருள் தானாக விடும் அளவு எழுத்தளவில் 120 விழுக்காடு, அதாவது 10 பாயின்டுக்கு 12 பாயின்ட் (பாயின்ட் என்பது அச்சில் எழுத்தை அளக்கும் அலகு). இலத்தீன் எழுத்துக்கு அது பொருந்தும். தமிழிலோ ‘து’, ‘று’, ‘ளூ’ போன்றவை அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. ‘கி’, ‘தீ’ ஆகியவற்றின் மேல்விலங்கு, அதாவது தலைமேல் வளையும் கோடு, மேலே எழுகிறது. மேல்வரியின் ‘று’ கீழ்வரியின் ‘தீ’க்கு நேராக வந்துவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. ஒரு வரி இடைவெளி என்றால் எத்தனை பாயின்ட், அது எங்கிருந்து எங்கு வரை என்று சொல்லித்தரப்படாதவர் 120 விழுக்காட்டை மாற்ற நினைப்பதே இல்லை. 10 பாயின்ட் தமிழ் எழுத்துக்கு 14 பாயின்ட் தந்து பாருங்கள், படிக்கும் கண்ணுக்கு எவ்வளவு ஆறுதல் என்பது தெரியும்.

எழுத்திடைவெளியிலும் இதே குழப்பம் உண்டு. குறிப்பிட்ட இரண்டு எழுத்துகளுக்கு நடுவே மட்டும் சரிசெய்வது கெர்னிங். ஒரு பகுதி முழுவதையும் சீராக நெருக்குவதோ விரிப்பதோ டிராக்கிங். வரியை நிரப்புவதற்காகப் பழைய எழுத்துருக்களில் டிராக்கிங்கைக் கூட்டியபோது ‘கொ’ என்ற ஓரெழுத்து கொம்பும் ககரமும் காலுமாக மூன்று துண்டாகச் சிதறியதைக் கண்டிருக்கிறேன். கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் அதற்குரிய எழுத்து அடுத்த வரியின் தொடக்கத்திலும் நின்ற பக்கங்களும் உண்டு. சொல்லை உடைக்கும்போது புள்ளியெழுத்தில் புதுவரி தொடங்கக்கூடாது என்பதும் இன்று பலருக்குச் சொல்லப்படுவதில்லை.

பாராவின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் தனித்து நிற்பதையும், முதல் வரி மட்டும் பக்கத்தின் அடியில் தங்கிவிடுவதையும் ஆங்கிலத்தில் விதவை, அநாதை என்கிறார்கள். அப்பெயர்களைத் தமிழில் சுமக்கத் தேவையில்லை. ‘தலை ஒற்றைவரி’, ‘அடி ஒற்றைவரி’ என்றால் எங்கே பார்க்கவேண்டும் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும். தாளின் வெட்டுக்கோட்டைத் தாண்டி 3 மி.மீ. நீட்டிவிடும் வண்ணத்துக்கு, ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிளீட்’ (bleed) என்பதை ‘இரத்தம் கசிதல்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், ‘வெட்டுமிகை’ என்று சொல்லலாம்.

நாள்தோறும் பக்கம் கட்டும் தங்கள் அலுவலகத்தில் இச்சொற்கள் ஓயாமல் புழங்குகின்றன. அங்கு எந்தச் சொல்லை எந்தப் பொருளில் ஆள்கிறீர்கள் என்பதை, அளவையும் சிறு வரைபடத்தையும் சேர்த்து வாரம் ஒரு சொல்லாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘பத்தி’யிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பக்க வடிவமைப்பாளன்