என்னை இந்தத் தொழிலுக்கு ஆளாக்கியவர்களுக்கு

அன்புடையீர்,

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உளச்சிகிச்சையாளராக எனக்கு முழுப்பதிவு கிடைத்துவிட்டது. வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் சபை இங்கே 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. முழுப்பதிவு வேண்டுமென்றால் 450 மணித்தியாலம் நேரடிச் சிகிச்சையும் அந்த வேலையைப் பற்றி மூத்த சிகிச்சையாளர் ஒருவரோடு இருந்து கதைக்கிற மேற்பார்வை 100 மணித்தியாலமும் கணக்குக் காட்ட வேண்டும். காட்டினேன். ஆனால் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் நான் கற்றதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. அந்தக் கடனை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் எங்கள் ரீச்சர். உளவளத்துணைப் பயிற்சிக்குப் போன எங்களை, கொப்பியைத் திறக்க முன்னமே ஆஸ்பத்திரி வாங்கில் ஒன்றில் கொண்டுபோய் இருத்தினார். மூட்டு உளைவு, தலை விறைப்பு, நெஞ்செரிவு என்று வருகிறவர்களைக் காலை முழுக்கப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். மருந்துத் துண்டு கைக்கு வந்தபிறகு ரீச்சர் மெல்ல, "வீட்டில ஆரார் இருக்கினம்?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் வழியில் தவறிய தகப்பனும், சுனாமியில் கைநழுவிய பிள்ளையும் கதைக்குள் வருவார்கள். நெஞ்செரிவு பொய்யில்லை, அதையும் கேள், அதோடு வருவதையும் கேள் என்பது அவருடைய பாடம். பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் எழுத்துகளை எங்கள் கையில் தந்ததும் அவர்தான். போர் தனியாளை மட்டுமா உடைக்கிறது, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தல்லவா உடைக்கிறது என்று, போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணிசெய்த ஒரு மனநல மருத்துவர் எழுதியிருந்ததை அங்கேயே இருந்து வாசித்தோம்.

மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுக்க முன்னம் ரீச்சர், "படுக்கப் போகேக்க என்ன சொல்லிக் கும்பிடுறனீங்கள்?" என்று கேட்பார். ஒருவர் நமசிவாய என்பார். மன்னாரில் இருந்து வந்தவர் செபமாலை என்பார். முஸ்லிம் தாய் ஒருவர் திக்ர், இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்வது, என்றார். மூச்சை அதோடேயே சேர்த்துவிடுவார். கடவுளோடு கோபித்துக்கொண்டு வந்தவரிடம் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டார். விரலை மடக்கி மடக்கி எண்ணச் சொல்வார்.

அடுத்தவர் கிளிநொச்சியில் என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றித் திரிந்த குடும்பநல உத்தியோகத்தர் அக்கா. போர் முடிந்தபோது சனத்தை அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமில் இருந்து மீள்குடியேறிய குடும்பங்கள் தறப்பாள் கொட்டில்களில் இருந்த காலம். போகிற இடமெல்லாம் பனங்கட்டித் துண்டோடு வெறுந்தேத்தண்ணி வரும். வருகிறவர்களிடம் ஒன்றும் வாங்கக்கூடாது என்று எங்கள் நெறிமுறைப் பாடத்தில் இருந்தது. அக்கா சொன்னார்: "குடி பிள்ளை. அவ தாறதுக்கு அதுதான் இருக்கு. நீ குடிச்சாத்தான் அவ உனக்குச் சொல்லுவா." நெறிமுறைக்காரர்கள் என்னை மன்னிப்பார்களோ தெரியாது, நான் இன்னமும் அக்காவின் கட்சிதான்.

ஒரு கொட்டிலில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டோம். மகனைத் தேடிக்கொண்டிருந்த தாய் அவர். "வாறான். பசிக்குது எண்டு கேக்கிறான். சோறு போட்டுக் குடுப்பன்" என்றார். முகம் மலர்ந்திருந்தது. தாளில் அது நோய்க்குறி, ஒரு புள்ளி. அவருக்கோ கிழமைக்கு ஒருமுறை பிள்ளையைக் காண்கிற இடம். அக்கா என் பேனையைப் பார்த்தார். நான் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று அவர்கள் தொடங்கிய போராட்டத்தை நான் இங்கிருந்துதான் பார்த்தேன். உடல் இல்லாமல் எட்டுச்செலவு, அந்தியேட்டி என்ற செத்தவீட்டுச் சடங்குகளும் இல்லை. காணாமல் போனவர் கணவன் என்றால், பொட்டை அழிப்பதா வைப்பதா என்று ஊர் கேட்கும். வியட்நாம் போர்க்காலத்தில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களைப் போலின் பொஸ் என்ற அறிஞர் ஆராய்ந்து, முடிவு தெரியாத இந்த இழப்பைத் தனியொரு வகையாகக் காட்டினார். வகுப்பில் அதைப் படித்தபோது எனக்கு ஏற்கெனவே தெரிந்த முகங்கள்தான் வந்தன. "மறந்திட்டு, இருக்கிற பிள்ளையளைப் பாருங்கோ" என்று நான் யாருக்கும் சொல்லாமல் இருப்பது அந்தத் தாய்மாரால்தான்.

இங்கே ரொறன்ரோவின் ஸ்காபரோவில் என்னை நம்பிச் சிகிச்சைக்கு வந்தவர்களின் பெயரைச் சொல்ல முடியாது. பலரின் முதல் கேள்வி "நீங்கள் எந்த ஊர்?" என்பது. உறவாக எடுக்கலாம், எங்கள் ஊருக்குக் கதை போய்விடுமோ என்ற பயம் என்றும் எடுக்கலாம். பெரும்பாலும் இரண்டும்தான். அப்படியிருந்தும் கதவைத் திறந்து வந்தீர்களே, அதற்கு நன்றி.

பெண்களுக்கான ஒரு நிலையத்தில் வேலைசெய்யும் தோழிக்குத் தனி நன்றி. "எங்கட பண்பாடு" என்ற சொல்லை அடிக்கிற கணவனும் சொல்வான், மூடி மறைக்கிற குடும்பமும் சொல்லும் என்று முகத்துக்கு நேரே எனக்குச் சொன்னவர் அவர். மங்கள காரியத்தில் விதவையைப் பின்வரிசையில் இருத்துவதற்கும் அதே பெயர்தான். பண்பாட்டை மதிக்கிறேன் என்று நான் இதற்கெல்லாம் தலையாட்டத் தேவையில்லை.

எனக்கு மேற்பார்வை தந்தவர் சிலியிலிருந்து 1973 இராணுவச் சதிப்புரட்சிக்குப் பிறகு அகதியாக வந்த குடும்பத்தின் மகள். தமிழர் வழக்கங்களை நான் விளக்கத் தொடங்கினால் கையை உயர்த்துவார்: "தமிழரைப் பிறகு சொல். இந்த மனுசிக்கு என்ன வேணும்?" எரிச்சல் வரும். ஆனால் சரியான கேள்வி அது. மாமியாரோடு பேச்சில்லாத ஒரு பெண்ணுக்குக் குடும்பத்தைக் கூட்டி வை என்ற என் வழமையான திட்டம் பொருந்தாது என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் பிடிபடும்.

வீட்டில் அம்மா, அவர், பிள்ளைகள். உங்களுக்கு நேரிலேயே சொல்லிவிட்டேன், இரவுச் சாப்பாட்டோடு.

இனி என் பங்கு. மேற்பார்வை தருவதற்கு எனக்கு இன்னும் அனுபவமும் பயிற்சியும் சேர வேண்டும், அதைத் தொடங்கிவிட்டேன். தகுதி வந்தபின், தமிழில் கதைத்து மேற்பார்வை பெற விரும்பும் மாணவர்கள் என்னிடம் வரலாம். கட்டணத்தைப் பிறகு பார்ப்போம். ரீச்சரும் எங்களிடம் அப்படித்தான் சொன்னவர், கடைசிவரை வாங்கவேயில்லை.

அன்புடன்,
உங்கள் பிள்ளை