சாமான் விற்கப் போகும் மகளுக்கு

செங்கோட்டை,
சாரல் விடாமல் தூறும் ஒரு சாயங்காலம்.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளையும் பேத்தியும் நலமா? நேற்று நீ போனில், "பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், ஸ்கூட்டர் எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டுட்டேம்மா, கேரளத்துல இருந்து புனேக்குக் கிளம்புறதுக்குள்ள வித்துரும்" என்றாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் சொல்ல ஆரம்பித்தால் "தெரியும்மா, தெரியும்மா" என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னிடம் இரண்டு வருஷமாக மறைத்த ஒன்றையும் இதில் சொல்லியாக வேண்டும்.

அப்பாவுடைய தேக்கு மேசையைப் புனலூர் வியாபாரிக்குக் கொடுத்தேன் என்று சொன்னது நிஜம். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் சொல்லவில்லை.

மச்சு ரூம் ஒழுக ஆரம்பித்த சமயம் அது. மேசை நனைந்து வீணாகப் போகிறதே என்று விற்க நினைத்தேன். எதிர்வீட்டுப் பையன் காலேஜ் விட்டு வந்ததும் போட்டோ எடுத்து, 14,000 ரூபாய் விலை போட்டு ஏற்றிவிட்டான். காபி போட்டு முடிக்கவில்லை, அதற்குள் போன் வந்தது. அரைகுறைத் தமிழில் தொடங்கி இந்திக்கு மாறினான். தான் ராணுவத்தில் இருப்பதாகவும், ஜம்முவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாற்றல் வந்திருப்பதாகவும், குவார்ட்டர்ஸுக்கு மேசை வேண்டும் என்றும் சொன்னான். யூனிபார்ம் போட்ட படம், அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. உன் அப்பா ஹவில்தாராக இருந்து வந்தவர். ஜான்சியிலும் ஜலந்தரிலும் குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தியவள் நான். மூட்டை கட்டி, மூட்டை பிரித்து, புது ஊரில் ஒரு கட்டிலுக்கும் மேசைக்கும் அலைவது என்னவென்று எனக்குத் தெரியும். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. இந்தி பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று சந்தோஷம் வேறு. "நல்லா இருப்பா" என்று வாழ்த்தினேன், தாயி.

மேசையின் நீளம் என்ன, அகலம் என்ன என்று அவன் கேட்கவில்லை. டிராயர் சரியாகத் திறக்குமா என்று கேட்கவில்லை. ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை. பழைய சாமான் வாங்குகிறவன் பேரம் பேசாமல் இருப்பானா? உன் தாத்தா மாடு விற்கப் போனால் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள். மாட்டின் பல்லைப் பார்த்து, சுழியைப் பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, அப்புறம்தான் கை துண்டுக்குள் போகும். அதையெல்லாம் பார்த்து வளர்ந்த எனக்கு அன்றைக்கு இது உறைக்கவில்லை.

"ராணுவக் கணக்கிலிருந்து பணம் அனுப்ப ஒரு முறை இருக்கிறது அம்மா, முதலில் நீங்கள் அஞ்சு ரூபாய் போடுங்கள், பத்தாகத் திரும்பி வரும்" என்றான். ஒரு க்யூஆர் படம் அனுப்பினான். ஸ்கேன் செய்து, பின் நம்பர் போட்டேன். அஞ்சு போனது, சொன்னபடி பத்து வந்தது. அந்த அஞ்சு ரூபாய் லாபத்தில்தான் என் நம்பிக்கையை விலைக்கு வாங்கிவிட்டான். அடுத்த படத்தில் 14,000. பணம் பெறுவதற்கு என்று இந்தியில் எழுதியிருந்தது. பின் போட்டதும் என் கணக்கிலிருந்து 14,000 போய்விட்டது. பதறிக்கொண்டு கேட்டால், "சர்வர் கோளாறு, இன்னொரு தடவை அதே மாதிரி செய்யுங்கள், இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்" என்றான். செய்தேன். இன்னொரு 14,000. மூன்றாவது தடவையும் கேட்டான். கணக்கில் அதற்கு மேல் இல்லை, அதனால்தான் நின்றது. அந்த மாசத்துக் குடும்ப பென்ஷனும் சேர்த்து வைத்ததும் அதோடு போயிற்று.

யாரிடமும் சொல்லவில்லை. ஊரெல்லாம் "ஹவில்தார் வீட்டம்மா" என்று மரியாதை வைத்திருக்கிறதே, இதைப் போய் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சுருண்டு படுத்திருந்தேன். என்னைக் கெடுத்தது அந்த இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பேங்குக்குப் போனபோது அங்கே இருந்த பெண் அதிகாரி என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, "உடனே 1930-க்குப் போன் பண்ணியிருக்கலாமேம்மா" என்றாள். அது சைபர் மோசடிப் புகாருக்கான அரசாங்க நம்பர். அதற்குச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த பேங்குக்குத் தகவல் போய், அங்கே பணம் இன்னும் இருந்தால் நிறுத்தி வைப்பார்களாம். ஆனால் திருடர்கள் பணத்தை ஒரு கணக்கில் வைப்பதில்லை. நிமிஷக் கணக்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளி, எங்கேயோ ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள். நான் போன் செய்தபோது எடுத்து முடித்துவிட்டார்கள். பேங்கும் ஈடு தரவில்லை. வாடிக்கையாளர் தப்பு இல்லாமல் திருட்டு நடந்து, மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் அவருக்குப் பொறுப்பு இல்லை என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறதாம். ஆனால் பின் போட்டது நானே என்பதால் அந்த விதி எனக்குப் பொருந்தாது என்றாள் அந்தப் பெண்.

அவள் சொன்ன ஒன்றை உனக்கும் சொல்கிறேன். யுபிஐ பின் நம்பர் என்பது பணம் கொடுக்கவும், பேலன்ஸ் பார்க்கவும்தான். பணம் வாங்க அந்த நம்பரும் வேண்டாம், ஸ்கேனும் வேண்டாம். க்யூஆர் படத்தில் இருக்கும் எழுத்து, அதைத் தயாரித்தவன் இஷ்டத்துக்கு எழுதியது. உன் போன் திரையில் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறாய் என்று வருகிறதே, அதுதான் நிஜம். நீ விற்கிறவள். உன் கையிலிருந்து போக வேண்டியது பொருள் மட்டும்தான். அட்வான்ஸ், டெலிவரி சார்ஜ், கேட் பாஸ், இன்ஷூரன்ஸ், திரும்பத் தருகிற டெபாசிட் என்று என்ன பெயர் வைத்தாலும் விற்கிறவளிடமிருந்து பணம் போகக் கூடாது. முன்பெல்லாம் "ரிக்வெஸ்ட்" என்று அனுப்பி ஏமாற்றுவார்கள். ஆளுக்கு ஆள் அப்படிப் பணம் கேட்டு அனுப்பும் வசதியை 2025 அக்டோபர் 1-லிருந்து நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் வழி திறந்தேதான் இருக்கிறது.

நீ படித்தவள், பின் போட மாட்டாய். சரி. பின் நம்பரே போடவைக்காமல் ஏமாற்றுகிறார்களே, அதற்கு என்ன செய்வாய்? வாஷிங் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டே "பணம் போட்டாச்சு அக்கா" என்று திரையைக் காட்டுவார்கள். அப்படிப் போலித் திரை காட்டுவதற்கென்றே ஆப் இருக்கிறது. பேங்கிலிருந்து வருகிற மாதிரியே மெசேஜும் வரும். உற்றுப் பார், சாதாரணப் பத்து இலக்க நம்பரிலிருந்து வந்திருக்கும். மெசேஜையும் நம்பாதே, அவர்கள் போனையும் நம்பாதே. உன் பேங்க் ஆப்பைத் திறந்து கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கயிறு கட்ட விடு. அவர்கள் அவசரப்பட்டால் நீ இன்னும் மெதுவாகப் பார்.

"5,000-க்குப் பதில் 50,000 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்று அழுகிறவர்களும் உண்டு. வந்ததாகச் சொல்லும் மெசேஜே பொய்யாக இருக்கும். நிஜமாகவே வந்திருந்தால் இன்னும் மோசம், அது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கலாம். நீ கைப்படத் திருப்பி அனுப்பாதே, பேங்கில் போய்ச் சொல். இது விளையாட்டு இல்லை. திருட்டுப் பணம் வந்து போன கணக்கு என்று வேறு மாநிலத்துப் போலீஸ் உன் கணக்கை முடக்கச் சொன்னால், பிரிட்ஜ் விற்ற காசு மட்டுமல்ல, சம்பளமும் அதோடு நின்றுபோகும். கேரளத்தில் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் இப்படி மாட்டிக்கொண்டு அல்லாடியிருக்கிறார்கள். அதனால் எதிரில் நிற்கிற ஆள் தன் சொந்தக் கணக்கிலிருந்து போட்டால் வாங்கு. "என் நண்பன் அனுப்புவான்" என்றால் ரொக்கமாகக் கேள்.

"நீங்க நிஜமான ஆள்தானான்னு பார்க்கணும், ஒரு ஆறு இலக்க நம்பர் வரும், சொல்லுங்க" என்பார்கள். சொன்னால் உன் வாட்ஸ்அப் அவர்கள் கைக்குப் போய்விடும். அப்புறம் உன் பெயரில் எனக்கே பணம் கேட்டு மெசேஜ் வரும். பணம் போட்ட ரசீது என்று ஏபிகே பைல், அதாவது போனில் ஆப்பை ஏற்றுகிற பைல், ஏதாவது வந்தால் தொடாதே, ஏற்றிவிட்டால் போனே அவர்களுடையது.

இப்போது ஸ்கூட்டர் விஷயம். இதை நிதானமாகப் படி, மாப்பிள்ளையிடமும் கொடு. உன் சித்தி மகன் தென்காசியில் ஓட்டக் கேட்கிறான், எர்ணாகுளத்திலும் யாரோ கேட்கிறார்கள் என்றாய். யாருக்குக் கொடுத்தாலும், நிரப்பாத ஆர்.டி.ஓ. பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு "நாங்க மாத்திக்கிறோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதே. உன் பெரிய மாமா அப்படித்தான் கொடுத்தார். வாங்கினவன் பெயர் மாற்றவே இல்லை, இன்ஷூரன்ஸும் கட்டவில்லை. ஆரியங்காவு வளைவில் ஒருத்தர் மேல் மோதிவிட்டான். நோட்டீஸ் வந்தது மாமா வீட்டுக்கு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்துக்கு ஈடு கொடுக்கும் பொறுப்பு அவருக்கே என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. மாமா எத்தனை தடவை கோர்ட்டுக்கு அலைந்தார் என்று அத்தையைக் கேட்டால் தெரியும்.

அதனால் கேரளத்துக்குள்ளேயே விற்றால் பெயர் மாற்றுவதற்கான பாரம் 29, பாரம் 30 இரண்டையும் நீயே கூட இருந்து போடு. விற்ற 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். தென்காசித் தம்பிக்குக் கொடுத்தால் வண்டி மாநிலம் மாறுகிறது, அதற்குப் பாரம் 28-ல் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபம் இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும். அதற்கு 45 நாள் அவகாசம் உண்டு. எல்லையில் இருக்கிற நமக்கு இது பழகினதுதான். 1956 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான், இன்றைக்கும் புளியரையைத் தாண்டினால் அந்தப் பக்கமும் நமக்குச் சொந்தக்காரர்கள்தான். அதற்காக வண்டி நம்பர் சொந்தம் பார்க்காது. தம்பிதானே என்று காகிதம் போடாமல் அனுப்பாதே. வாங்குகிறவர் அடையாள அட்டை நகல், கொடுத்த தேதி, நேரம், இரண்டு பேர் கையெழுத்து, இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும். ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவி கேட்டால் மாப்பிள்ளை பின்னால் உட்கார்ந்து போகட்டும்.

பழைய போனையும் விற்பதாக இருந்தால் சிம்மை எடுத்து, கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுசாக அழித்துவிட்டுக் கொடு. அதில் பேத்தியின் படங்கள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்களைப் பகலில் வரச் சொல், மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நேரமாகப் பார். பிளாட் நம்பரை விளம்பரத்தில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடு.

எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் புனலூர்க்காரர் வந்தாரே, அவர்தான் வாங்க வருகிற ஆள். மேசையைக் கவிழ்த்துப் பார்த்தார், காலைத் தட்டினார், டிராயரை முகர்ந்து பார்த்தார். பின்பக்கம் பலகை மாற்றியிருப்பதைக் கண்டுபிடித்து 9,000-தான் தருவேன் என்றார். நானும் விடவில்லை. ஒரு மணி நேரம் பேசி 11,500-க்கு முடிந்தது. மலையாளமும் தமிழுமாகப் பேசி, காபி குடித்து, ரொக்கத்தை எண்ணி என் கையில் வைத்துவிட்டுத்தான் மேசையைத் தூக்கினார். உனக்கும் அப்படி ஆள் வருவார்கள். ஆயிரம் ரூபாய் குறைவாகப் போனாலும் அவர்களுக்கே கொடு.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது தப்பு நடந்துவிட்டால், எனக்குப் போன் பண்ணாதே, மாப்பிள்ளை திட்டுவாரோ என்று யோசிக்காதே. முதல் போன் 1930-க்கு. பணம் போன நேரம், தொகை, யுபிஐ-யின் அந்தப் பன்னிரண்டு இலக்கப் பரிவர்த்தனை நம்பர் மூன்றையும் கையில் வைத்துக்கொள். அடுத்து பேங்க். எத்தனை மணியானாலும் சரி. அதற்கு அப்புறம் என்னைக் கூப்பிடு. நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். என்னிடம் அப்படிச் சொல்ல அன்றைக்கு யாரும் இல்லை என்பதால்தான் இரண்டு நாள் படுத்துக்கிடந்தேன்.

ஒன்று மறந்தே போனேன். சமையல்கட்டில் இருக்கிற பித்தளை உருளியை விற்கிற சாமானோடு சேர்த்துப் போட்டிருக்கிறாயா? அது ஆச்சி எனக்குக் கொடுத்தது, படத்திலிருந்து எடுத்துவிடு. புனேக்குத் தூக்க முடியாவிட்டால் பாலருவி ரயிலில் இங்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போ. பின்னிரவில்தான் வந்து சேரும், தம்பியை ஸ்டேஷனுக்கு அனுப்புகிறேன். எந்தக் கிழமை என்று மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா