ஒன்பது மணி நாடகத்தை ஆறரைக்கு மாற்றியவர்களுக்கு

தமிழ்ப் பொழுதுபோக்குச் சேனல்களில் எந்த நாடகம் எத்தனை மணிக்கு என்று முடிவெடுக்கும் பெரியவர்களுக்கு,

வணக்கம். நான் திருப்பூரில் கேபிள் நடத்துகிறவன். இருபத்தைந்து வருடம் தாண்டிவிட்டது. உங்களில் ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் சென்னையில் நீங்கள் ஒரு முடிவெடுத்தால் அதற்கான முதல் திட்டு எனக்குத்தான் விழுகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை. இரவு ஒன்பது மூன்று இருக்கும். தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தேன், போன் அடித்தது. "ஏனுங்ண்ணா, நாடகத்துக்குப் பதிலா வேற என்னமோ ஓடுதுங்க. பாக்ஸ் கெட்டுப்போச்சுங்களா?" அதை வைப்பதற்குள் அடுத்தது. "சேனல் நம்பர மாத்திப்போட்டீங்களா?" இன்னொரு அக்கா நேராகவே கேட்டுவிட்டார்: "போன மாசம் நூறு ரூவா பாக்கி வெச்சதுக்கா நாடகத்தக் கட் பண்ணுனீங்க?" ஒன்பதரை வரை இதே பாட்டு. சோறு ஆறி அவலாகிவிட்டது.

விஷயம் எனக்கே அப்போதுதான் தெரிய வந்தது. ஒரு சேனல், பெயர் எதற்கு, ஒன்பது மணிக்கு நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை அன்று முதல் மாலை ஆறரைக்குத் தூக்கிப் போட்டிருந்தது. போன் செய்தவர்கள் டி.வி.யைப் போட்டபோது அன்றைய எபிசோடு முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. முந்தின வாரம் திரையின் கீழே சின்ன எழுத்தில் ஓடவிட்டார்களாம். நாடகம் பார்க்கிறவர் மருமகள் முகத்தைப் பார்ப்பாரா, கீழே ஓடும் எழுத்தைப் படிப்பாரா? மூன்று மாதம் கழித்து, டிஆர்பி இல்லை என்று நாடகத்தையே முடித்துவிட்டார்கள். நானூறு எபிசோடாகத் திருந்தாத வில்லி ஒரே வெள்ளிக்கிழமையில் திருந்தினாள்.

ஆறரை மணி என்றால் எங்கள் ஊரில் என்ன நேரம் என்று தெரிந்துதான் மாற்றினீர்களா? பனியன் கம்பெனியில் ஒரு ஷிப்ட் காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடியும். ஆர்டர் நெருக்கும் நாளில் ஒன்றரை ஷிப்ட். விடும்போது எட்டரை ஆகிவிடும். ஆறரை மணிக்கு எங்கள் பெண்கள் ஓவர்லாக் மெஷின் முன்னாலோ செக்கிங் டேபிளிலோ இருப்பார்கள். எட்டரைக்கு விட்டு, வழியில் மாவு பாக்கெட் ஒன்று வாங்கி, வீடு சேர்ந்து முகம் கழுவி நிமிரும்போது மணி ஒன்பது. அந்த அரை மணி நேரம்தான் அவர்கள் நாளில் அவர்களுக்கென்று இருப்பது.

லைன் வீடு பார்த்திருக்கிறீர்களா? ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், நடுவே நடைபாதை, கோடியில் தண்ணீர்த் தொட்டி. வசூலுக்கு இரவில்தான் போவேன், பகலில் எல்லாக் கதவும் பூட்டியிருக்கும். அந்த நாடகம் ஒன்பது மணிக்கு ஓடிய காலத்தில் முதல் வீட்டு வாசலில் தொடங்கி கடைசி வீட்டு வாசல் வரை நடந்தால் ஒரு வசனம்கூடத் தவறாது. ஒரு வீட்டில் "என்ன சொன்ன?" என்று மாமியார் கேட்பார், அடுத்த வீட்டு வாசலில் மருமகள் பதில் சொல்வாள். மாற்றிய அடுத்த வாரம் போனேன். ஒரு வீட்டில் பழைய பாட்டு, ஒன்றில் செய்தி, ஒன்றில் ரீல்ஸ் சத்தம், இரண்டு வீட்டில் டி.வி.யே போடவில்லை. உங்கள் வியாழக்கிழமை ரேட்டிங் அறிக்கையில் இது என்ன எண்ணாக வந்ததோ, நான் காதாலேயே கேட்டுவிட்டேன்.

அறிக்கை என்றதும் ஞாபகம். கேபிள்காரனுக்கு என்ன தெரியும் என்று நினைக்க வேண்டாம். எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று 2015-லிருந்து பார்க் (BARC) நிறுவனம் கணக்கெடுக்கிறது. சேனலின் சத்தத்தோடு காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்து வருகிறது; மீட்டர் வைத்த வீட்டில் அந்த மீட்டர் பெட்டி அதைக் கண்டுபிடிக்கிறது; யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டன். சனிக்கிழமை தொடங்கி வெள்ளியோடு முடிகிற வாரத்தின் கணக்கு, அடுத்த வியாழக்கிழமை உங்கள் மேஜைக்கு வருகிறது. நாட்டில் டி.வி. உள்ள வீடுகள் சுமார் 23 கோடி, மீட்டர் இருப்பது சுமார் 58,000 வீட்டில் என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே 2025-ல் சொன்னது. என் ஏரியாவில் மீட்டர் வீடு இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அந்த ரகசியம் விலை போனதாக 2020-ல் மும்பை போலீஸ் வழக்குப் போட, செய்திச் சேனல்களின் ரேட்டிங்கையே 2022 மார்ச் வரை பார்க் நிறுத்தி வைத்த கதை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

மீட்டர் குறைவு என்பது தனிக் குறை, அதை விடுங்கள். கணக்குப் போடும் விதத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்கு சராசரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் கணக்கு. அரை மணி நேர நாடகத்தை ஒருத்தி முழுதாகப் பார்த்தால் ஓர் ஆள். பதினைந்து நிமிடம் பார்த்தால் அரை ஆள். நேரம் மாறியது தெரியாமல் தேடித் தேடிக் கடைசி மூன்று நிமிடத்தில் வந்து சேர்ந்தவள் பத்தில் ஒரு ஆள். அவள் அந்த நாடகத்தை வெறுத்துவிட்டாளா? வாசல் தெரியாமல் வெளியே நின்றிருக்கிறாள், அவ்வளவுதான். நேரம் மாற்றிய முதல் சில வாரங்களில் வரும் எண், கதை எப்படி என்று சொல்வதே இல்லை. நீங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றினீர்கள் என்பதைத்தான் சொல்கிறது. அந்த எண்ணைக் காட்டி எழுத்தாளரையும் டைரக்டரையும் வீட்டுக்கு அனுப்புவது, பஸ் நிற்கும் இடத்தைத் தூக்கி வேறு தெருவில் வைத்துவிட்டு ஏறுவதற்கு ஆளில்லை என்று டிரைவரை வேலையை விட்டு நீக்குகிற மாதிரி.

நேரத்தின் அருமை உங்கள் தொழிலுக்குத் தெரியாதது இல்லை. 2000 ஜூலை 3 அன்று ஸ்டார் பிளஸ் இரவு ஒன்பது மணிக்கு அமிதாப் பச்சனை வைத்து 'கோன் பனேகா குரோர்பதி'யைத் தொடங்கியது. அதே இரவு பத்தரைக்கு 'கியூங்கி சாஸ் பி கபி பஹூ தி'. கேள்வி பதிலுக்காக உட்கார்ந்த குடும்பத்தை எழுந்திருக்க விடாமல் மாமியார் மருமகள் கதைக்குள் இழுத்துவிட்டார்கள். ஜீக்கும் சோனிக்கும் பின்னால் நின்ற சேனல் முன்னால் வந்து உட்கார்ந்தது. அப்போது நான் தொழிலுக்குப் புதிது. பத்தரை மணிக்கு எவன் விழித்திருப்பான் என்று நானே சிரித்தேன். 2008-ல் முடிந்த அந்தத் தொடரை 2025 ஜூலை 29 அன்று மறுபடி கொண்டுவந்தார்கள் பாருங்கள், எத்தனை மணிக்கு? அதே பத்தரைக்கு. பதினேழு வருடம் கழித்தும் அந்த நேரத்தை அந்தக் கதையின் சொத்தாக வைத்திருக்கிறார்கள்.

இன்னும் பின்னால் போனால், என் வயதுக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே 'ஒளியும் ஒலியும்'. ஒரே சேனல் இருந்ததால் வேறு போக்கிடம் இல்லை, அது வேறு விஷயம். ஆனால் அந்த நேரத்துக்குத் தெரு காலியாக இருக்கும் என்பதை யாரும் ஸ்க்ரோல் போட்டுச் சொல்லவில்லை. தூர்தர்ஷனில் 'எதிரொலி' என்று இன்னொன்று வரும். நேயர்கள் போடும் கடிதத்தைப் படித்துப் பதில் சொல்வார்கள். உங்களிடம் அப்படியொன்று இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. புதிய நாடகத்துக்கு நல்ல நேரம் கொடுத்தால்தான் அது நிற்கும், ஒன்பது மணி விளம்பர ரேட் வேறு, ஆறரை மணி ரேட் வேறு. ஆள் வராத நேரத்துக்கு ஒரு பலமான நாடகத்தை அனுப்பி, அதன் பின்னால் கூட்டத்தை இழுத்து வருவது பழைய தந்திரம்தான். சில சமயம் பலித்தும் இருக்கிறது. ஐ.பி.எல். ஏழரைக்குத் தொடங்குகிற ஏப்ரல், மே மாதங்களில் ரிமோட் யார் கைக்குப் போகிறது என்று நானும் பார்க்கிறேன். அப்போது நீங்கள் தாலி கட்டுகிற எபிசோடுகளாக அடுக்குவதில் எனக்கு வருத்தமில்லை. பண்டிகைக்குப் பண்டிகை எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக" என்று ஆளுக்கொரு படத்தைப் போட்டு ஒருவர் கூட்டத்தை ஒருவர் பிய்த்துக்கொள்வீர்கள். அதுவும் உங்கள் பாடு.

மகாசங்கமம் மட்டும் கொஞ்சம் கேட்க வேண்டும். இரண்டு நாடகத்தை ஒன்றாகக் கலந்து ஒரு மணி நேரம் ஓட்டுகிறீர்கள். எட்டரை நாடகக்காரி ஒன்பது மணிக்கும், ஒன்பது மணி நாடகக்காரி எட்டரைக்கும் உட்கார்ந்தால் உங்கள் எண் ஏறும், சரி. எட்டரைக்கு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவளுக்குப் பாதிக் கதை போச்சு. அந்த வாரம் அவள் பார்ப்பது ஊர்த் திருவிழாவில் வழி தவறிய குழந்தை மாதிரி. யார் யாருக்கு என்ன உறவு என்று பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அன்றுதான் வாரச் சம்பளம். கையில் காசு விழுந்ததும் ஜனம் கறிக்கடையிலும் பஜாரிலும் நிற்கும். வாரக் கடைசி என்று பெரிய திருப்பத்தைச் சனிக்கிழமைக்கு வைக்கிறீர்கள், அதைப் பார்க்க வீட்டில் பாட்டிதான் இருப்பார்.

"அதான் ஆப் இருக்கே, எப்ப வேணா பாக்கலாமே" என்று சொல்வீர்கள். இருக்கிறது. வீட்டில் நல்ல போன் ஒன்று, அது பையன் கையில். மேலும் இந்தப் பெண்கள் தனியாகப் பார்ப்பதில்லை. அடுத்த நாள் டீ டைமில் பத்து நிமிடம் பேசுவதற்காகப் பார்க்கிறார்கள். எல்லாரும் ஒரே இரவில் பார்த்தால்தான் அந்தப் பேச்சு நடக்கும்.

இதில் காசும் இருக்கிறது, எனக்கும் உங்களுக்கும். 2019-ல் கட்டண முறை மாறியதிலிருந்து ஜனங்கள் சேனலைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறார்கள். "அந்த நாடகம் வர்ற சேனலப் போட்டு விடுங்க" என்பார்கள். சேனல் பெயர் வாயில் வராது, நாடகத்தின் பெயர் வரும். நேரம் மாறிய அடுத்த மாத வசூலில் நாலைந்து வீட்டில் அந்தச் சேனல் பேக்கை எடுத்துவிடச் சொன்னார்கள். வீட்டுக்கு வீடு மிஞ்சியது ஓர் இருபது ரூபாய்தான். உங்கள் கணக்கில் அது தூசு.

ஆகவே என் கோரிக்கை பெரிதாக ஒன்றுமில்லை. மாற்றுவதானால் இரண்டு வாரம் முன்பே, அந்த நாடகத்தின் கதாநாயகியையே விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எபிசோடு தொடங்குவதற்கு முன் அவள் திரையில் நின்று "அக்கா, அடுத்த திங்கள் முதல் இத்தனை மணிக்கு" என்றால் ஒருத்தியும் தவறவிடமாட்டாள். மாற்றிய பிறகு ஒரு மாதமாவது, அன்றைய எபிசோடை ராத்திரி பத்தரைக்கு மேலாவது மறுபடி போடுங்கள்; ஷிப்ட் முடிந்து வருகிறவளுக்கு அது போதும். அந்த ஒரு மாத ரேட்டிங்கை வைத்து யாருடைய கதையையும் முடிக்காதீர்கள். முடிப்பதென்று முடிவாகிவிட்டால், வில்லி திருந்துவதற்கு ஒரு வாரமாவது அவகாசம் கொடுங்கள்.

இப்போது நானே என் லோக்கல் சேனலில் உங்கள் நேர மாற்றங்களை எழுதி ஓட்டுகிறேன். எண்ணெய்க் கடை விளம்பரத்துக்கும் காதுகுத்து வாழ்த்துக்கும் நடுவில். அதற்கு நீங்கள் காசு தர வேண்டாம். அடுத்து எந்த நாடகத்தை எந்தத் திங்கட்கிழமை நகர்த்தப் போகிறீர்கள் என்பதை மட்டும் எங்களைப் போன்ற ஆபரேட்டர்களுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு கேபிள்காரன்,
திருப்பூர்.