ஆல்டபரோவிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் எழுதாதது என் பிழைதான். நான் நலமாக இருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். இங்கிலாந்தின் இந்தக் கடற்கரை ஊரில் வடகடல் காற்று எலும்புவரை இறங்குகிறது. ஆனாலும் நீங்கள் கொடுத்த கம்பளி இருப்பதால் அறையில் ஹீட்டர் போடாமலேயே சமாளிக்க முடிகிறது, கவலைப்பட வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பாட்டி எந்தக் குளிரிலும் நடக்கக் கிளம்பிவிடுவார். ஞாயிறன்று என்னையும் தேவாலயக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போய், இமோஜன் ஹோல்ஸ்டின் கல்லறையைக் காட்டினார். சமஸ்கிருதம் கற்று, ரிக் வேதத் துதிகளைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி இசையமைத்தாரே ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், அவருடைய ஒரே மகள், பிறந்தது 1907இல். இடக்கையில் வந்த நோயால் பியானோ கலைஞராகும் ஆசையைக் கைவிட்ட அவர், 1934இல் தந்தை இறந்ததும் அவருடைய வாழ்க்கையை எழுத முனைந்து, 1938இல் நூலாக வெளியிட்டார். பின்னர் தந்தையின் இசையைப் பற்றி எழுதியபோது, தமக்குக் குறையென்று பட்டதை மறைக்காமல் குறையென்றே எழுதினார். பெற்ற தகப்பனைப் பற்றி அப்படி எழுத எவ்வளவு அன்பு வேண்டும்! நம் நாட்டுக்கும் வந்து, சாந்திநிகேதனில் சில வாரங்கள் தங்கியிருக்கிறார்.

1952இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்கு உதவியாளராக இவ்வூருக்கு வந்தவர், தந்தையின் படைப்புகளைக் கவனிப்பதற்காகவே 1964இல் அந்தப் பணியை விட்டார். ஒவ்வொரு கையெழுத்துப் பிரதியாகப் பார்த்து அவர் தொகுத்த விவர அட்டவணை 1974இல் வெளிவந்தது. தந்தை மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, அம்மா! 1984இல் இறக்கும்வரை இவ்வூரிலேயே இருந்தார்.

அன்றிரவு, அப்பா மெட்டமைத்த முருகன் பாட்டைப் பாடிப் பார்த்தேன். சரணத்தின் இரண்டாம் அடியில் வரும் சங்கதி எவ்வளவு முயன்றும் பிடிபடவில்லை. வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

வீட்டை விற்கத் தம்பி முன்பணம் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவன் முடிவுக்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் மாடி அறைத் தகரப் பெட்டியில் அப்பா சுரம் எழுதிய நோட்டுகள் இருக்கின்றன. அவை பழைய பேப்பர்காரரிடம் போய்விடக் கூடாது. வசம்பு போட்டுக் கட்டி, சித்தப்பா வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். இம்மாதப் பணம் சற்றுத் தாமதமாகும். மருந்துக் கடையில் சொல்லிவையுங்கள்.

பெட்டியைக் கட்டுவதற்கு முன், முருகன் பாட்டு இருக்கும் பக்கத்தை மட்டும் தம்பியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்