ஆக்டிவேட் ஆனால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸை எக்ஸ்டர்னல் யூஎஸ்பி டிரைவில் நிறுவி எந்தக் கணினியிலும் செருகி இயக்கலாம் என்று தங்கள் கணினிப் பக்கத்தில் விளக்கியிருந்தீர்கள். துவக்க டிரைவ் தயாரிக்கும் இலவச மென்பொருளான ரூஃபஸில் 'விண்டோஸ் டு கோ'வை (டிரைவிலிருந்தே இயங்கும் விண்டோஸை) தேர்ந்தெடுக்கச் சொன்னதுவரை சரி. "ஆக்டிவேட் ஆகிவிட்டால் லைசென்ஸ் கவலை இல்லை" என்ற வரிதான் தவறு. ஆக்டிவேஷன் என்பது மைக்ரோசாஃப்ட் செய்யும் தொழில்நுட்பச் சரிபார்ப்பு, லைசென்ஸ் என்பது பயன்படுத்தும் உரிமை; இரண்டும் வேறு வேறு.

டிஜிட்டல் லைசென்ஸ் என்பது மதர்போர்டு முதலான வன்பொருளின் அடையாளத்தோடு மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகியிருப்பது. விண்டோஸ் 8 காலத்திலிருந்து பிராண்டட் லேப்டாப்களின் பயாஸிலேயே (மதர்போர்டில் உள்ள துவக்க மென்பொருளிலேயே) ஆக்டிவேஷன் கீயும் எழுதப்பட்டு வருகிறது. டிரைவில் இருப்பது விண்டோஸின் புரோ எடிஷன், செருகிய கணினிக்கும் ஏற்கெனவே புரோ லைசென்ஸ் உண்டு என்றால், இணையம் கிடைத்ததும் சத்தமில்லாமல் ஆக்டிவேட் ஆகிவிடும். அது அந்தக் கணினியின் லைசென்ஸ், டிரைவுக்கு வந்ததல்ல. அதே டிரைவை ஹோம் எடிஷன் மட்டுமே உள்ள கணினியில் செருகிப் பாருங்கள்: வன்பொருள் மாறிவிட்டது என்று ஆக்டிவேஷன் போய், திரையின் வலது கீழ் மூலையில் 'ஆக்டிவேட் விண்டோஸ்' எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காசு கொடுத்து, கடையில் தனியாக விற்கும் ரீடெயில் கீ வாங்கினாலும் சிக்கல் தீராது. விண்டோஸ் 10, 11 உரிம ஒப்பந்தத்தில் 'சாதனம்' என்பதற்கே விளக்கம் இருக்கிறது: உள் சேமிப்பகம் கொண்ட கணினி. பாக்கெட்டில் போகும் டிரைவ் அதில் சேராது. ரீடெயில் உரிமத்தை வேறு கணினிக்கு மாற்றலாம்தான். பழைய கணினியிலிருந்து நீக்கிவிட்டு மாற்ற வேண்டும், பல கணினிகள் பகிர்ந்துகொள்ளும் தந்திரமாக மாற்றக் கூடாது. காலையில் ஒரு கணினி, மாலையில் இன்னொன்று என்று சுற்றும் டிரைவ் செய்வது அதைத்தான். லேப்டாப்போடு தயாரிப்பாளரே தரும் ஓஇஎம் உரிமமோ பொதுவாக அந்த லேப்டாப்பை விட்டு நகராது.

இப்படிச் சுற்றுவதற்கென்றே விண்டோஸ் 8இன் நிறுவனப் பதிப்பான எண்டர்பிரைஸில் 2012இல் வந்தது விண்டோஸ் டு கோ. சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் கூடுதல் உரிமத் திட்டத்தை வாங்கிய நிறுவனங்களுக்கு அந்த உரிமை இருந்தது. ஆக்டிவேஷனுக்கு, நிறுவனத்துக்குள்ளேயே விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் கேஎம்எஸ் சர்வரோ, கணக்குகளையும் கணினிகளையும் நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியோ வேண்டியிருந்தது. கேஎம்எஸ் ஆக்டிவேஷன் 180 நாள் நிற்கும். 7 நாளுக்கொரு முறை புதுப்பிக்கப் பார்க்கும். வீட்டில் இருப்பவர் விபிஎன் வழியாக ஆபீஸ் நெட்வொர்க்கைத் தொடவே இல்லையென்றால் 180 நாளுக்குப் பின் ஆக்டிவேஷன் போய்விடும். குறைந்தது 25 கணினிகள் தொடர்புகொண்டால்தான் அந்த கேஎம்எஸ் சர்வர் பயனர் கணினிகளின் விண்டோஸை ஆக்டிவேட் செய்யவே தொடங்கும். 2020 மே மாதம் வந்த விண்டோஸ் 10இன் '2004' என்ற எண்ணுள்ள பதிப்போடு விண்டோஸ் டு கோ வசதியை மைக்ரோசாஃப்ட் எடுத்தேவிட்டது. ரூஃபஸ் இன்றும் அப்படியொரு டிரைவைத் தயாரித்துத் தரும். உரிமத்தைத் தர அதனால் முடியாது. போலி கேஎம்எஸ் மென்பொருளால் 'ஆக்டிவேட்டட்' என்று காட்டவைத்த டிரைவ்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சோதித்துப் பார்க்க மட்டும் என்றால் எண்டர்பிரைஸ் எவால்யூவேஷன் (சோதனைப்) பதிப்பு 90 நாள் ஓடும். கெடு முடிந்தால் மணிக்கொரு முறை கணினியை அணைத்துவிடும். விண்டோஸ் பிஇ என்ற சிறு விண்டோஸ் நிறுவலுக்கும் பழுது பார்ப்பதற்கும் உரியது. 72 மணி நேரத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகும், அன்றாட வேலைக்கு உரிமமும் கிடையாது.

கையோடு கொண்டுபோக நிஜமாகவே ஒரு இயங்குதளம் வேண்டுமென்றால் டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். ஆக்டிவேஷன் என்ற பேச்சே இல்லை. எத்தனை கணினியிலும் செருகலாம், நகலும் எடுக்கலாம். அதில் நீங்கள் சேர்க்கும் தனியுரிம மென்பொருள்களுக்கு மட்டும் அவற்றின் நிபந்தனை தனியாக உண்டு. விண்டோஸ் டு கோவிலும் அப்படித்தான்: டிரைவில் உள்ள ஆபீஸ் இன்னொரு நிறுவலாகவே கணக்கில் வரும். லைசென்ஸ் தணிக்கை நடக்கும் நிறுவனங்களில் இந்த எண்ணிக்கைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது.

இப்படிக்கு,
ஒரு சிஸ்டம் அட்மின்