பாப்பாவுக்கு, அந்த மஞ்சக் கறுப்பு பட்டாம்பூச்சி பத்தி

பாப்பா,

நீ அனுப்புன போட்டோவ பெருசாக்கிப் பாத்தேன். மஞ்சள்ல கறுப்பு கட்டம், றெக்கை ஓரம் பூரா சிக்குக் கோலம் மாதிரி வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு, அப்போ அது டியான், இல்லன்னா அதோட பங்காளி புரோசெர்பின். தெற்கு பிரான்ஸ்ல ஏப்ரல்ல ரெண்டுமே பறக்கும், அதான் குழப்பம்.

முன்றெக்கைய பாரு. புரோசெர்பினுக்கு அங்க ரத்தச் சிவப்புல பெரிய பெரிய புள்ளி இருக்கும், நுனிகிட்ட செதிலே இல்லாம வெளிச்சம் ஊடுருவுற ஒரு குட்டி இடம் வேற. உன்னோடதுல அது ரெண்டும் இல்ல, சிவப்பு பின்றெக்கை ஓரத்துல தான், பக்கத்துலயே கொஞ்சம் நீலம். டியானே தான்.

நீ எடுத்த இடமும் அதத்தான் சொல்லுது. மோம்பெலியேக்கு வெளிய திராட்சத்தோட்டத்து வாய்க்கா ஓரம்னு எழுதிருக்கல்ல, ஈரமான அந்த மாதிரி இடத்துல தான் அரிஸ்டோலோகியா ரொட்டுண்டாங்கிற செடி முளைக்கும், டியான் முட்ட வைக்க அத தான் தேடி வரும். பிக் சேன் லூ மலைப்பக்கம் காஞ்ச கல்லுப் பொட்டல்ல எடுத்திருந்தன்னா நான் புரோசெர்பினான்னு சந்தேகப்பட்டிருப்பேன், அதுக்கு வேற அரிஸ்டோலோகியா, இலை சின்னதா ஓரம் சொரசொரன்னு இருக்கும்.

இந்தச் செடி உனக்கு தெரியாததில்ல, காரைக்கால்ல வரப்புல ஆடுதின்னாப்பாளைன்னு காட்டுனேனே, அதுவும் ஒரு அரிஸ்டோலோகியா தான். விஷம், ஆடு வாய வைக்காது. புழு அத தின்னு விஷத்த உடம்புல சேத்து வச்சுக்கும், குருவி கிட்ட வராது, அந்த பளிச் கலரே அதுக்கான எச்சரிக்கை தான். நம்ம ஊர்ல சிவப்பு உடம்போட கறுப்பா ஒண்ணு பறக்குமே, அதுவும் இதே வேலைய தான் பண்ணுது. ஆத்தா பாம்புக்கடிக்கு இந்த வேர்னு சொல்வாங்க, நீ பாட்டுக்கு கஷாயம் கிஷாயம் போட்டுடாத, கிட்னி போயிடும், கேன்சரும் வரும்.

திரும்பப் போனா இலைக்கு அடில பாரு, ஆரஞ்சு முள்ளு முள்ளா புழு இருக்கும். பிடிச்சு வீட்டுக்கு கொண்டு வராத, பிரான்ஸ்ல அது சட்டப்படி பாதுகாப்புல இருக்கு. மே தாண்டிட்டா பறக்கறது முடிஞ்சிடும், அப்புறம் கூட்டுப்புழுவா அடுத்த வசந்தம் வரைக்கும் தூங்கும், வருஷத்துக்கு ஒரே தலைமுறை தான். வாய்க்கா ஓரத்த மெஷின் விட்டு வெட்டறதுக்குள்ள போயிட்டு வந்துடு.

இங்க ரெயூனியன்ல மழ விட்டு இப்ப தான் சாயங்காலம் லேசா குளுருது. லீவுக்கு டிக்கெட் போட்டியான்னு அப்பா கேட்டாரு, அவருக்கு போன் பண்ணு.

அம்மா